நோ பார்க்கிங் கல்

ஜூலை 18, வெள்ளி

அவமானத்தை முதலில் எழுதிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம். இன்று காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனேன். தெருவின் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் அறுந்து தொங்கியது. "லைன் அறுந்து கெடக்குது, யாரும் வெளிய வராதீங்க!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வழியில் ஒரு செருப்பு கழன்றது. லுங்கி இடுப்பில் இருந்ததா என்பதில் தெருவுக்குள் இரண்டு கருத்து நிலவுகிறது.

கரண்ட் ஆபீசுக்கு நான்தான் போன் போட்டேன். ஆடி வெள்ளியும் அதுவுமாக ஒன்றரை மணி நேரம் மின்சாரம் இல்லை. பதினேழு வீட்டு கிரைண்டரில் மாவு பாதியில் நின்றது. லைன்மேன் வந்து, ஏணி போட்டு ஏறிப் பார்த்து, ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "இது டிவி டிஷ் ஒயருங்க. யாரோடது?"

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நானும் சேர்ந்து பார்த்தேன்.

ஒயரின் இன்னொரு முனை எங்கள் மொட்டை மாடிக்குத்தான் போகிறது. அதைப் பூங்கோதை கவனித்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக என் மனைவி. எதையாவது கவனித்தால் உடனே சொல்லமாட்டாள், பத்திரப்படுத்தி வைப்பாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். நான் செயலாளர். தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள். தெருவுக்கு அடியில் பழைய மின் கேபிள் ஓடுகிறது, தலைக்கு மேலே கம்பி போகிறது. அதனால் வேலை நடக்கும்போது தெருக்காரர் ஒருவர் கூடவே இருந்து, ஆட்களும் வண்டிகளும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஏனப்பா, நம்ம தங்கமுத்துவையே போட்டறலாமே," என்றார் மாரப்பண்ணன். "டிஷ் ஒயருக்கே தெருவைக் காப்பாத்துன ஆளு."

கூட்டம் அரைமணி நேரம் சிரித்தது. மறுக்க எனக்கு வழியில்லை. நான் கல்யாண மண்டபத்தில் மேனேஜர். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபத்தில் இப்போது நானும் நூற்றைம்பது பிளாஸ்டிக் சேரும்தான்.

மாரப்பண்ணன் பக்கத்து வீட்டுக்காரர். தறிப்பட்டறை வைத்திருக்கிறார். எட்டு வருடம் முன்பு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். கார் அவருடையது, நிறுத்துகிற இடம் என் கேட்டுக்கு முன்னால். நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு கல் நட்டேன். முழங்கால் உயரம், சிவப்பு வெள்ளைப் பெயிண்ட், 'நோ பார்க்கிங்' என்று என் கையெழுத்து. இந்தத் தெருவில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அந்தக் கல்தான். அது எங்கிருந்து கிடைத்தது என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.

ஜூலை 21, திங்கள்

வேலை ஆரம்பம். ஒரு ஜேசிபி, ஒரு டிப்பர் லாரி, எட்டு ஆட்கள். பாதுகாப்புக்கென்று ரெபெக்கா என்ற பெண். நாகர்கோவில் பக்கம். முப்பது வயதிருக்கும். குரல் ஐம்பது வயதுத் தலைமை ஆசிரியையுடையது.

வந்ததும் குழியைப் பற்றிப் பேசாமல் அண்ணாந்து மேலே பார்த்தார். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழி நட்டு, கம்பியைவிட நன்றாகத் தாழ்வாக ஒரு கயிறு கட்டி, அதில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டார். பார்க்க ஃபுட்பால் கோல் போஸ்ட் மாதிரி இருந்தது.

"டிப்பர் இதுக்கு அடியில தொட்டியைத் தூக்கக் கூடாது. கயித்தைத் தாண்டிப் போய்த்தான் மண்ணைக் கொட்டணும்," என்றார் டிரைவரிடம். பிறகு என்னிடம், "சார், கம்பியைத் தொட்டாத்தான் ஷாக்குன்னு நெனைக்காதீங்க. கிட்டப் போனாலே கரண்ட் தாவும். வண்டி கம்பியில பட்டுட்டா டிரைவர் உள்ளயே இருக்கணும், நீங்க யாரும் வண்டிகிட்டப் போகக் கூடாது. லைனை நிறுத்தற வரைக்கும் தூர நிக்கணும். சரியா?"

"சரிங்க மேடம்," என்றேன். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் பேசும்போதுகூட நான் இவ்வளவு பணிவாக நின்றதில்லை.

எனக்கு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஒரு விசிலும் கொடுத்தார். ஜாக்கெட்டை எனக்கும் என் வயிற்றுக்கும் சேர்த்துத் தைக்கவில்லை போல. முன்பக்கம் மூடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

விசில் ஊதியது இருபத்து மூன்று முறை. கீரைக்காரம்மா, கூரியர் பையன், இரண்டு எருமை, கூழ் வசூலுக்கு வந்த கோயில் கமிட்டி எல்லாம் இதில் அடக்கம். அவசியமாக ஊதியது இரண்டு.

ஜூலை 23, புதன்

முருங்கைக்காய் பறிக்கும் என் இரும்புத் தொரட்டியை ரெபெக்கா பறிமுதல் செய்துவிட்டார். பதினாறு அடி நீளம், முழுக்க இரும்புக் குழாய். மரம் கம்பிக்கு ஆறடி தள்ளி நிற்கிறது. பத்து வருடமாக நான் இதில்தான் காய் பறிக்கிறேன்.

"பத்து வருசமாவா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் உயிரோடு இருப்பதை நம்பாதவர் மாதிரி.

பூங்கோதை சொன்னாள்: "நானும் பத்து வருசமாச் சொல்றேனுங்க மேடம். கேட்டாத்தானே?" இரண்டு பெண்களும் அந்த நிமிடத்தில் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். எனக்கு எதிராக இவ்வளவு வேகமாக ஒரு கூட்டணி அமைந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் குழி வெட்டும் செங்கோடனுடன் டீ குடித்தேன். நாற்பத்தைந்து வயது, சத்தியமங்கலம் பக்கம். வலது முழங்கையிலிருந்து விரல் வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கும்போதே அவரே சொன்னார்.

"கேபிளுங்ணா. நாலு வருசம் ஆச்சு. அங்க கேபிள் இல்லீன்னு சொல்லித்தான் எறக்குனாங்க. கடப்பாரைல ரெண்டு குத்து. மூணாவது குத்துக்கு வெளிச்சம்தான் தெரிஞ்சுது. கடப்பாரை நுனி மெழுகாட்டம் உருகிப் போச்சு."

"அப்பறமும் இதே வேலைக்கா வந்தீங்க?"

"வேற வேலை தெரியாதுங்களே. ஆனா இப்ப மண்ணைப் பாத்துத்தான் கை வெக்கறது. மேல செங்கல் அடுக்கியிருப்பாங்க. அதுக்குக் கீழ ஆத்து மணலு. அதுக்கும் கீழதான் கேபிளு. செங்கல்லு தெரிஞ்சாப் போதும், அப்படியே மேல ஏறிருவேன்."

"ஜேசிபி தோண்டுனா?"

"அதுக்குச் செங்கல்லும் ஒண்ணுதான், பிஸ்கெட்டும் ஒண்ணுதானுங்ணா. நான் பக்கத்துல நின்னு கை காட்டறவன். அது கடிச்சா எனக்குத்தான்."

டீ நன்றாகத்தான் இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வேலை இல்லை. வடை உண்டு.

ஜூலை 25, வெள்ளி

ரெபெக்கா வரைபடத்தை என் ஸ்கூட்டர் சீட்டில் விரித்தார். கேபிள் தெரு முனையிலிருந்து எதிர்ச் சாரியில் வருகிறது. வழியில் எங்கோ குறுக்கே திரும்பி எங்கள் சாரிக்கு வருகிறது. திரும்பும் இடத்தில் ஒரு அடையாளக் கல் நட்டிருப்பதாக வரைபடம் சொல்கிறது. முனையில் இருக்கும் முதல் கல் கிடைத்துவிட்டது. இரண்டாவது கல் ஒன்பதாம் எண், பத்தாம் எண் வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஒன்பது மாரப்பண்ணன். பத்து நான்.

கேபிளைக் கண்டுபிடிக்கும் கருவியும் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு போர்வெல் மோட்டார் ஒயர் மண்ணுக்குள் ஓடுவதால், அது எங்கே வைத்தாலும் கீச்சென்றது. என் விசில் மாதிரிதான். யாரும் நம்பவில்லை.

"சார், நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்கல்லா? ஒரு கல்லு பாத்த ஞாபகம் உண்டா? முழங்கால் உயரம் இருக்கும். மேல மின்னல் மாதிரி செதுக்கியிருக்கும்."

நான் அப்போது என் நோ பார்க்கிங் கல்லின்மேல் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தேன். மெதுவாகக் காலை எடுத்தேன்.

"எத்தனையோ கல்லு பாத்திருக்கேனுங்க மேடம். எதைன்னு ஞாபகம் வெக்கறது?"

சரி, டைரியிடம் என்ன வெட்கம். வீடு கட்டும்போது மனையின் முன்பக்கம் ஒரு கல் நின்றது. காம்பவுண்ட் சுவருக்கு இடைஞ்சல் என்று கொத்தனார் சொன்னார். பிடுங்கி ஓரமாகப் போட்டோம். பிறகு மாரப்பண்ணன் கார் வாங்கியதும் அதற்கு வேலை கொடுத்தேன். மேலே ஏதோ செதுக்கியிருந்தது. நான் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டேன். கோணல்மாணலாக ஏதோ கோடுகள். மின்னல் வேறு எப்படி இருக்கும்?

ஜூலை 26, சனி

கல் கிடைக்காததால் ரெபெக்கா இரண்டு இடத்தில் கையால் சோதனைக் குழி வெட்டச் சொன்னார். தட்டை மண்வெட்டியால் பதமாக வெட்டினார்கள். கேபிள் இல்லை. இன்னும் நாலு குழி வேண்டும் என்கிறார். காண்ட்ராக்டர் போனில் கத்துவது என் கேட்டு வரை கேட்டது: ஆடிப் பெருக்குக்கு முன்னால் முடிக்க வேண்டும், கல் இல்லையென்றால் கேபிளும் இல்லை, திங்கட்கிழமை ஜேசிபியை விடு.

ரெபெக்கா போனை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பூங்கோதை மோர் கொடுத்தாள்.

நான் இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? முதலில், கேட்டுக்கு முன்னால் வண்டி ஏறப் போட்ட ரேம்பை உடைப்பார்கள். தை மாதம் கிரானைட் ஒட்டியது. அதைக் காப்பாற்றத்தான் குழாயையே வளைத்துப் போடும்படி பேசி வைத்திருந்தேன். இரண்டாவது, மாரப்பண்ணன். அவருடைய பேரன் பேத்தி காலம் வரை இந்தக் கதை ஓடும்.

செங்கோடன் கையைப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லாமலும் இருந்துவிடலாம்.

ஜூலை 27, ஞாயிறு

பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று சாவியோடு போனேன். மாரப்பண்ணன் அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்லைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கல்லுக்கு ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டார்.

ஜூலை 28, திங்கள்

காலை ஒன்பதரை. ஜேசிபி முனையிலிருந்து தோண்டிக்கொண்டே வந்தது. எட்டாம் எண் வீட்டைத் தாண்டியது. செங்கோடன் அடுத்த வாசலில், மாரப்பண்ணன் கேட்டுக்கு எதிரே நின்று, கையைக் காட்டி வண்டியை வரச்சொல்லிக்கொண்டிருந்தார். வலது கையை. பளபளவென்ற கையை.

விசில் ஊதினேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி ஊதினேன். டிரைவர் சிரித்துக்கொண்டே, "எருமைங்களா, கீரைங்களா?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கினார். ஒரு வாரமாக ஊதியதற்கு நல்ல பலன்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "நிறுத்துங்க! கல்லு எங்கிட்டத்தான் இருக்குது! நான்தான் புடுங்குனேன்!"

ஜேசிபி நின்றது. தெரு நின்றது. மாரப்பண்ணன் கையில் இருந்த பேப்பர்கூட அசையவில்லை. பதற்றத்தில் நான் அதோடு விடாமல், "அந்த டிஷ் ஒயரும் எங்களுதுதான்!" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதை யாருமே கேட்கவில்லை.

ரெபெக்கா என்னிடம் வந்தார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்க நின்னுது சார் அந்தக் கல்லு?"

ஸ்கூட்டர் நிற்கும் இடத்தைக் காட்டினேன். கேட்டிலிருந்து இரண்டரை அடி உள்ளே.

"உள்ளயா?" ரெபெக்கா புருவத்தைச் சுருக்கினார். "தெரு கேபிளு உங்க வீட்டுக்குள்ள எப்படி சார் வரும்?"

"கேபிளுக்கு அன்னிக்கு வழி தெரியாம இருந்திருக்கும்," என்றார் மாரப்பண்ணன். "இவுரு வீடு கட்டறப்பவே ரெண்டு எட்டு முன்னால வந்தாப்பலதான் எனக்குத் தோணுச்சு. நமக்கென்னன்னு உட்டுட்டேன்."

ரெபெக்கா காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். "கல்லை எடுத்தவரே ஒத்துக்கிட்டாரு. கேபிள் கண்ணுல படுற வரைக்கும் இந்தத் தெருவுல மெஷின் ஓடாது. வேணும்னா என்னை மாத்திக்கோங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

செங்கோடன் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிடம் நின்றார்.  மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 29, செவ்வாய்

ரேம்ப் போயிற்று. கிரானைட் நாலு துண்டு. மாரப்பண்ணன் சேர் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இடையில் டீயும் வந்தது.

உள்ளே ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் டைல்ஸை எடுத்துவிட்டு நாலடி ஆழம் கையால் வெட்டினார்கள். செங்கல் இல்லை. மணல் இல்லை. என் பழைய ஷேவிங் பிரஷ் ஒன்று கிடைத்தது.

ஜூலை 30, புதன்

ரேம்புக்கு அடியிலும் ஒன்றுமில்லை. தெருவில் புதுப் பேச்சு: தங்கமுத்துவுக்குக் கல்லைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, ஒயர் விஷயம் மாதிரிதான். காலையில் திருடன், சாயங்காலம் முட்டாள். எது மேல் என்று பூங்கோதையைக் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே ஆளுதானுங்க. சாப்புட வாங்க," என்றாள்.

ரெபெக்கா மட்டும் விடவில்லை. என் வாசலிலிருந்து மாரப்பண்ணன் வாசலை நோக்கி, ஒரு ஜாண் விடாமல் கையால் வெட்டச் சொல்லியிருக்கிறார். கடப்பாரைகளை எல்லாம் சேர்த்து டெம்போவில் பூட்டி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணி இருக்கும். மாரப்பண்ணன் கேட்டுக்கு எதிரே குழி மூன்றடி போயிருந்தது. செங்கோடன் மண்வெட்டி சட்டென்று நின்றது. குனிந்து விரலால் மண்ணைத் தள்ளினார். ஒரு செங்கல் மூலை. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக.

"மேடம்," என்றார் மெதுவாக. மண்வெட்டியைக் குழியிலேயே விட்டுவிட்டு மேலே ஏறினார்.

யாரும் அருகில் போகவில்லை. ரெபெக்கா போன் பேசி, லைனை நிறுத்தி, நிறுத்தியதைச் சோதித்து, கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். பிறகு செங்கல்லை எடுத்தார்கள். கீழே ஆற்று மணல். மணலுக்குள் என் கைத் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு கேபிள். பதினோராயிரம் வோல்ட், காலை வரைக்கும் உயிரோடு.

ரெபெக்கா டேப்பைப் பிடித்து அளந்தார். திங்கட்கிழமை ஜேசிபி நின்ற இடத்திலிருந்து ஏழு அடி. டிரைவர் தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு வாளிங்க," என்றார். 

செங்கோடன் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குழியைப் பார்த்தார்.

"அண்ணா, திங்கக்கெழமை நான் நின்ன எடம் இதுதானுங்களே?"

"ஆமாங்க."

"நீங்க கத்துலீன்னா..."

"அட, நான் எப்பவும் கத்தறவன்தானே," என்றேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். 

மாரப்பண்ணன் எழுந்து வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, தெருவுக்கு நடுவில், எனக்குப் போர்த்தினார். "உன்னை எட்டு வருசமாத் திட்டியிருக்கேன் தங்கமுத்து. இன்னைக்கு ஒரு நாள் லீவு," என்றார்.

இன்னொன்று. குழியின் பக்கச் சுவரில் கேபிளுக்கு நேர் மேலே ஒரு கல் தெரிந்தது. உச்சியில் மின்னல் குறி, தெளிவாக. நட்ட இடத்திலேயே நேராக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டதில், மூன்று அடுக்குத் தாருக்குக் கீழே போய்விட்டது. இத்தனை வருடமும் அதை யாரும் தொடவே இல்லை.

அப்படியானால் என் கல்? அதை யோசிக்கும்போது டீ வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தெருவில் எல்லா வீட்டிலும் சித்திரான்னம். சங்கத்தில் எனக்குச் சால்வை. 'உயிர் காத்த செயலாளர்' என்று மைக்கில் சொன்னார்கள். ரெபெக்கா கை குலுக்கினார்: "காரணம் தப்பா இருந்தாலும் நிறுத்தினது சரி சார்." செங்கோடன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து பூங்கோதை கையில் கொடுத்தார். எனக்கு ஒன்று கூடக் கொடுக்கவில்லை, ஆனால் போகும்போது இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த டைரியில் நான் எழுதியதிலேயே நல்ல நாள் இது. இதோடு முடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால், பூங்கோதை என் கல்லைப் பெயிண்ட் போகத் தின்னர் போட்டுக் கழுவி வைத்திருக்கிறாள். மடியில் வீட்டுப் பத்திரம்.

"ஏனுங்க, இதுல மின்னல் எங்க?"

மின்னல் இல்லை. ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே 214/3. பத்திரத்தில் எங்கள் மனையின் சர்வே நம்பரும் அதே.

எங்கள் மனையின் எல்லைக் கல். அது நின்ற இடத்தோடு எங்கள் மனை முடிகிறது, தெரு ஆரம்பிக்கிறது. என் ஸ்கூட்டர் இப்போது தெருவில் நிற்கிறது, கேட்டுக்கு உள்ளே.